கம்பளம் விரித்த கல்முற்றம்

...அதிலும் அந்தச் செருப்புகள், ஊசிக் குதிகாலோடு புல்வெளியில் இறங்காதீர்கள் என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது, யார் கேட்கிறார்கள், இடைவேளை என்றால் விருந்தாளிகள் எல்லோரும் களத்தில் இறங்கி, குளம்புகள் பெயர்த்துப் போட்ட புல்கட்டிகளை மிதித்து மிதித்துச் சமன் செய்யவேண்டுமாம், போலோவின் சம்பிரதாயமாம், ஒரு கட்டியை மிதிக்க நாலு பேர், அதைப் படம் பிடிக்க ஆறு பேர், வீட்டில் ஒரு துடைப்பத்தைத் தொட்டறியாத கூட்டம்... ஹெட்விக் மூக்கை மூடிக்கொண்டாள். வாசனைத் தைலமும் குதிரை வியர்வையும் பொரித்த இறைச்சியும் ஒன்றாகக் கலந்து அரண்மனைத் தோட்டம் முழுக்க ஒரு வாடை, வியன்னாவில் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது, இன்றைக்கு என்று பார்த்து ஒரு இலை அசையவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'ஆட்டக் கால்நடை மருத்துவர்' என்று எழுதியிருந்தது. அவள் கையைத் தூக்கினால் போதும், எந்தக் குதிரையும் களத்தைவிட்டு வெளியேறியாக வேண்டும், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. நாலு சுற்றில் இரண்டு முடிந்துவிட்டது. செனிசா, அந்தச் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை, இரண்டாவது சுற்றில் ஓடியது, மறுபடி நாலாவதில் ஓடும். அதற்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

இருபது நிமிடம் போதாதா ஒரு கையைத் தூக்க? காலையிலேயே முடித்திருக்க வேண்டிய காரியம்... குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் இலோனா, அந்த ஹங்கேரிக்காரி, தலையில் வைக்கோல் துணுக்கோடு ஓடி வந்து, "டாக்டர், இவ வலது முன்னங்கால ஊனவே யோசிக்கிறா. கல்லுல ஒரு தடவை ஓடவிட்டுப் பாத்துடுங்களேன்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள், குளம்புக்குள் இருக்கிற வலி கெட்டித் தரையில்தான் தெரியும், புல்வெளி தாங்கிக்கொள்ளும், முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரிந்த பாடம். ஆனால் கல்முற்றத்தில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. "கம்பளத்து மேல குதிரையா? விருந்தாளிங்க வர்ற நேரம்!" அப்புறம் குதிரையின் சொந்தக்காரரும் அதில் ஏறி ஆடுகிறவருமான பொல்டியின் அந்தப் பல்வரிசைச் சிரிப்பு, "பட்டு மாதிரி ஓடுவா பாருங்க டாக்டரம்மா." புல்லில் ஓடவிட்டாள். பட்டு மாதிரிதான் ஓடியது. ஆடலாம் என்ற சான்றில் கையெழுத்துப் போட்டாள்.

அப்பா போட்டிருக்க மாட்டார். தொழிலாளர் பேட்டையான ஃபாவோரிட்டனில் குதிரைக்கறிக் கடை வைத்திருந்த மனிதர், ரத்தம் படிந்த முன்துணி, விரல் இடுக்கெல்லாம் கொழுப்பு, பள்ளிக்கூட வாசலில் அவர் வந்து நின்றால் இவள் பின்வாசல் வழியாக ஓடுவாள்... விற்க வருகிறவன் குதிரையை மண்பாதை ஓரமாக நைசாக நடத்திக் காட்டுவான், அப்பா கடிவாளத்தைப் பிடுங்கி, "புல்லுல எல்லாக் கழுதையும் குதிரைதான்டா, கல்லுக்குக் கொண்டா" என்று தெருவுக்கு இழுத்துப் போவார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். நாலு காலும் ஒரே சத்தம் போட்டால் வெட்டமாட்டார், வண்டிக்காரன் எவனுக்காவது விற்றுவிடுவார். கசாப்புக்காரருக்கு இருந்த அந்த நேர்மை... போன வருடம் பொல்டியின் மனைவி கேட்டபோது, அப்பா தோல் வியாபாரம் செய்தார் என்று சொன்னாள். தோலும் வியாபாரம்தானே, முழுப் பொய் இல்லையே. சீ.

போய்ச் சொல்லிவிடலாம். இதோ நிற்கிறார் பொல்டி, வெள்ளைக் கால்சட்டை, முழங்கால்வரை பூட்ஸ், சுற்றிலும் ஜால்ராக்கள். செனிசாவை இறக்காதீர்கள், இரண்டே வார்த்தை. கிட்டே போனாள். வாயைத் திறப்பதற்குள் ஒரு கோப்பையை அவள் கையில் திணித்து, தோளைச் சுற்றி அணைத்து, "இவங்கதான் எங்க டாக்டரம்மா! இவங்க கை பட்டா நொண்டிக் குதிரையும் வால்ட்ஸ் ஆடும்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அவர்களைவிட ஒரு மூச்சு அதிகமாகவே சிரித்தாள். ஒரு கிழவர், பெயருக்கு முன்னால் 'ஃபான்' என்று பிரபு வம்சப் பட்டம் ஒட்டிக்கொண்டவர், அவள் கையை முத்தமிட்டார், எச்சில் ஈரம், துடைக்கவும் முடியவில்லை. எங்க டாக்டரம்மா... அந்த 'எங்க'வில் ஏதோ இனித்தது, அதுதான் இன்னும் அசிங்கம். மணி அடித்தது, புல் மிதித்தவர்கள் மண் ஒட்டிய குதிகால்களோடு நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள். மூன்றாவது சுற்று எப்படிப் போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

நாலாவதில் செனிசா பறந்தது. உண்மையிலேயே பறந்தது, வலிக்கிற காலை வைத்துக்கொண்டு எப்படித்தான்... குதிரைக்கு மறுக்கத் தெரியாது, கேட்டால் கொடுத்துவிடும், அதுதான் அதன் கெட்ட காலம். பொல்டி வலது பக்கம் வெட்டித் திருப்பும்போது ஒரு கணம், ஒரே கணம், வலிக்கிற கால் தரையில் பட்டதும் குதிரையின் தலை மேலே தூக்கிப்போட்டது. ஹெட்விக் பார்த்தாள். கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினாள், மேசை தூரத்தில் இருந்தது, அதற்குள் பந்து கம்பங்களுக்கு நடுவே போய்விட்டது, கூட்டம் எழுந்து கத்தியது. ஆட்டம் முடிந்தது. ஆட்டத்தின் சிறந்த குதிரை என்று செனிசாவுக்குப் பொன்சரிகை வைத்த பச்சைப் போர்வை போர்த்தினார்கள், பொல்டி அதன் கழுத்தில் முத்தம் கொடுத்தார், படம் பிடிக்கிறவர்களுக்காக இன்னொரு தடவை கொடுத்தார்.

நாலு தூறல் விழுந்ததும் ஆட்கள் ஓடிவந்து கம்பளத்தைச் சுருட்டினார்கள். இலோனா குதிரையை வண்டிக்குக் கூட்டிப் போகிறாள், முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கல். டக், டக், டக்... நாலாவது சத்தம் வரவில்லை, தொட்டும் தொடாமலும் ஒரு உரசல். மறுபடி டக், டக், டக். கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை.

"டாக்டர்!" இலோனா நின்றுவிட்டாள், அவள் குரலில் மரியாதை குறையவே இல்லை, அதுதான் கொடுமை. "கம்பளத்தைச் சுருட்டிட்டாங்க. இப்பக் கல்லுல பாக்கலாமா?"

பொல்டிக்குக் கேட்டிருக்குமோ... ஹெட்விக்குக் குதிரையின் கால் நினைவுக்கு வருவதற்கு முன்னால் இதுதான் வந்தது. அவர் காதில் விழுந்தால்தான் என்ன, தடுத்ததே அவர்தானே, கம்பளத்து மேல குதிரையா என்று கேட்டவர் அவர்தானே... இல்லையே. பொல்டி காபிக் கோப்பையோடு வந்தபோது குதிரை ஏற்கனவே புல்லில் நின்றுகொண்டிருந்தது. அவர் பட்டு என்று மட்டும்தான் சொன்னார். அதற்கு முன்னால், இலோனாவும் இவளும் மட்டும் நின்ற முற்றத்தில், சுவரோரம் நாலடி அகலத்துக்குக் கல் வெறுமையாகக் கிடந்த முற்றத்தில், கம்பளத்து மேல குதிரையா, விருந்தாளிங்க வர்ற நேரம் என்று சொன்ன குரல்... அது யாருடையது?

இலோனா கடிவாளத்தைப் பிடித்தபடி காத்திருந்தாள். செனிசா வலது காலை ஊன்றாமல் நின்றது.