உப்புக் கணவாயில் நின்றவன்

பூந்தமல்லி காய்கறி மண்டியில் கன்னியப்பன் அண்ணன் ஏலம் கூறினால் பஸ் நிலையத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும். ஆள் மூன்றே முக்கால் அடி. கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவே நின்றால் தலைத்துண்டு மட்டும்தான் வெளியே தெரியும். குரல் வந்த திசையில் வெளியூர் வியாபாரிகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறகு குனிந்து பார்ப்பார்கள். சிரிக்க வாயெடுத்தவன்கூட அவர் அடுத்த விலையைக் கேட்டதும் அடங்கிவிடுவான். மண்டிக்காரர் கலீலுல்லா பாய் பதினெட்டு வருடமாக வேறு யாரையும் ஏலத்துக்கு நிறுத்தியதில்லை.

நான் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். பிற்பகல் ஷிப்டு வரும் வாரங்களில் காலை முழுவதும் மண்டியில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து நூலகப் புத்தகம் படிப்பேன். எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். பனியும் ஓநாயும் கோட்டையும் உள்ள ஊர்களில்தான் எனக்கு அந்த நாட்களில் குடியிருப்பு. ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸைப் பலமுறை அப்படித்தான் தவறவிட்டேன்.

அறுபத்தெட்டாம் வருடம் ஒரு சினிமா கம்பெனி ஆள் அண்ணனைத் தேடி வந்தார். இதற்கு முன்னும் சிலர் வந்திருக்கிறார்கள். ராஜா காலில் இடறி விழவேண்டும், பாயசத்தில் முகத்தை முக்கவேண்டும் என்றார்கள். அண்ணன் ஏலத்தை நிறுத்தாமலே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த முறை வந்தவர் ஒரு வெளிநாட்டுக் கதையைப் படமாக எடுப்பதாகவும் அதில் ஒரு குள்ள வீரன் வருவதாகவும் சொன்னார். கதையின் பெயரைக் கேட்டதும் நான் மூட்டையிலிருந்து எழுந்துவிட்டேன். அதைத் தமிழில் மூன்று முறை படித்திருந்தேன்.

அன்று மதியம் அண்ணனுக்கு அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். தோற்று ஓடும் தன் படையைத் தப்பவிடுவதற்காக, உப்புக் கணவாயின் குறுகிய வாயில் அந்தக் குள்ளன் கோடரியோடு தனியாக நிற்கிறான். எதிரிகளை ஒவ்வொருவராக அழைக்கிறான். அவன் குரல் மலையில் மோதித் திரும்ப, உள்ளே ஒரு கூட்டமே இருப்பதாக எண்ணி எதிரிகள் தயங்குகிறார்கள். பொழுது சாயும்வரை அந்தக் குரல்தான் கணவாயைக் காக்கிறது. பிறகு அவன் சாகிறான்.

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "இதுல யாரும் சிரிக்க மாட்டானுங்களா?" என்று கேட்டார்.

"சிரிக்க முடியாதுண்ணே," என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் மூன்று நாள் படப்பிடிப்பு. அட்டைப் பாறைகளை அடுக்கிக் கணவாய் செய்திருந்தார்கள். இடுப்புவரை தொங்கும் தாடி, தகரக் கவசம், மரக்கோடரி. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவர் நடந்து வந்தபோது சீட்டியடித்தார்கள். கேமரா ஓடத் தொடங்கியதும் அவர் வாயைத் திறந்தார்.

"அடுத்தது யார்? வா!"

ஏரித் தண்ணீரின் மேல் அந்தக் குரல் போய்த் திரும்பியது. எதிரே நின்ற குதிரைகளில் ஒன்று பின்வாங்கியது. சீட்டியடித்தவர்கள் வாயிலிருந்து விரலை எடுத்தார்கள். புத்தகத்தில் நான் மூன்று முறை கேட்டது இதே குரலைத்தான்.

மூன்றாம் நாள் சாமான்களை லாரியில் ஏற்றும்போது உதவி டைரக்டர் கஜபதி என்னைக் கூப்பிட்டார். இங்கே படம் மட்டும்தான் பிடித்தோம், குரலை அப்புறம் தனியாகப் பதிவு செய்வோம் என்றார். "ஒரு மாசம் பொறுத்து அவரைக் கம்பெனிக்கு வந்து ஞாபகப்படுத்தச் சொல்லுப்பா. யாரும் கூப்பிட்டு அனுப்ப மாட்டாங்க. வரலைன்னா வேற ஆளை வச்சுப் பேசிடுவாங்க."

சொல்லத்தான் போனேன். அண்ணன் ஒட்டுத்தாடியைப் பிய்த்துக்கொண்டே, தாடை முழுக்கச் சிவந்துபோய், என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம கொரலு நல்லா வுழுந்துச்சா நைனா? எடுத்துக்கினானுங்களா?"

"எடுத்துக்கிட்டாங்கண்ணே," என்றேன்.

அந்த நிமிடம் அவர் முகத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறொரு புத்தகம் கிடைத்தது. பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன்: அந்தக் கதையைப் படித்தவன் எவனாவது இப்படிப்பட்ட குரலை விட்டுவிடுவானா? படம் எடுப்பவர்களும் என்னைப்போலவே படித்திருப்பார்கள் என்று நம்பினேன்.

படம் பட்டணத்தில் ஓடி முடிந்து, பூந்தமல்லி டூரிங் கொட்டகைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை அண்ணன் பார்க்கவில்லை. பார்த்தால் நம்ம ஊரில், நம்ம ஆட்களோடுதான் பார்ப்பேன் என்று இருந்தார். முதல் நாள் மாலை ஆட்டத்துக்கு மண்டியே வந்தது. கலீலுல்லா பாய் சினிமா பார்க்காதவர். அவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்து மணலில் அண்ணனின் அக்கா பொன்னியம்மா. அண்ணனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

இடைவேளைக்குப் பிறகு கணவாய் வந்தது. தாடியோடு அண்ணன் திரையில் நின்றதும் கொட்டகை கைதட்டியது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் அவர் வாய் திறந்தது.

கீச்சென்று ஒரு குரல். மூக்கால் பேசும் ஒரு பெண்ணோ சிறுபிள்ளையோ பேசுவதுபோல, "அடுத்தது யார்? வா!" என்றது. கூடவே ஊதுகுழலில் ஒரு கோணல் இசை.

கொட்டகை இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. ஒவ்வொரு எதிரியை அழைக்கும்போதும் சிரித்தது. அவர் ஈட்டி பாய்ந்து விழும்போது அந்தக் குரல் ஒரு முனகல் முனகியது; அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. மண்டிக் கூலிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் சாய்ந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் குரலுக்கு யாராலும் சிரிக்காமல் இருக்க முடியாது.

பெண்கள் பக்கம் பொன்னியம்மா எழுந்து நின்றாள். அவள் நிழல் திரையில் விழுந்தது.

"அது எந்தம்பி கொரலு இல்ல. கேட்டுக்கினு கீறீங்களே, நீங்க சொல்லுங்க, அது அவன் கொரலா?"

உட்காரும்மா என்று பின்னாலிருந்து ஒருவன் அதே கீச்சுக்குரலில் கத்தினான். மறுபடி சிரிப்பு. அண்ணன் என் கையை விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் வழக்கம்போல ஏலத்துக்கு நின்றார். முதல் கூடைக்கு விலை கேட்டதும், வெண்டைக்காய் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கீச்சென்று பதில் வந்தது. அண்ணனும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் நாலைந்து பேர் பதில் சொன்னார்கள். பாய் அவர்களைத் திட்டினார்; திட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. நான்காம் நாள் அண்ணன் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தார். கூடைகள் காத்திருந்தன. மூட்டை தூக்கும் வேம்புலியைப் பாய் ஏலம் கூறச் சொன்னார்.

அன்று பகல் அண்ணன் என்னிடம் வந்தார். பக்கத்தில் இருப்பவனுக்கும் எட்டாத மெல்லிய பேச்சு.

"அன்னிக்கு எடுத்துக்கினாங்கன்னு சொன்னியே."

மறைக்க முடியவில்லை. கஜபதி சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"சொல்லியிருந்தா நடந்தே போயிருப்பேனே," என்றார். "கோடம்பாக்கம் இன்னா தூரம்."

அந்த வாரமே நான் கம்பெனிக்குப் போனேன். கஜபதி வேறு படத்துக்குப் போய்விட்டிருந்தார். ஆபீஸ் மேஜையில் இருந்தவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். படத்திலேயே ஜனங்கள் அதிகமாக ரசித்த இடம் அதுதான் என்றும், அண்ணனிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்றும் சொல்லி அனுப்பினார்.

அதன்பின் அண்ணன் பேசி நான் கேட்கவில்லை. மண்டியில் சாக்குத் தைத்தார். பாய் கேட்டால் தலையாட்டுவார். வீட்டிலும் அப்படித்தான் என்று பொன்னியம்மா சொன்னாள். சொல்லும்போது அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் நாங்கள் இருவரும் மண்டி வாசலில் இருந்தோம். வெளியூர்க்காரர் ஒருவர் பெட்டியோடு வந்து, காஞ்சிபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். எந்தப் பக்கம், ரோட்டுக்கு அந்தப் பக்கமா என்று அவர் மறுபடி கேட்டார். அண்ணன் மறுபடி கையைக் காட்டினார்.

வந்தவர் தயங்கினார். "பேச்சு வராதுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தைத்துக்கொண்டிருந்த சாக்கைப் பார்த்தபடி இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன்தான், ஆமாம் என்று தலையசைத்தார்.

வந்தவர் நல்ல மனிதர். இரக்கத்தோடு குனிந்து, செவிடருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொல்லி, அண்ணனுக்கு நன்றி தெரிவித்துவிட்டுப் போனார்.