பிப்ரவரி முப்பதாம் தேதி

“இவளுக்காவது ஊசி பிடிக்குமா, சிஸ்டர்?”

கைக்குழந்தையோடும் மூத்த மகளோடும் வந்திருந்த அம்மா கேட்டதும் நர்ஸுக்குச் சுருக்கென்றது. மூத்தவளுக்கும் மூன்று வருடம் முன்பு இதே சுகாதார நிலையத்தில்தான் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். பல வருடம் காக்க வேண்டிய ஊசி. போன வருடம் அதே காய்ச்சல் வந்து, உயிரை மட்டும் விட்டுவைத்து, இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அவள் உடம்பு மருந்தை ஏற்கவில்லை என்று இங்குள்ள டாக்டர் ஒரே வரியில் கையைக் கழுவிவிட்டாராம்.

“பெரியவளுக்கு நான் பாலே சரியா குடுக்கலையாம், அதான் உடம்புல தெம்பில்லையாம். மாமியார் இன்னிக்கும் சொல்லிக் காட்டுறாங்க” என்றாள் அம்மா.

நர்ஸ் மாற்றலாகி வந்து நான்கு நாள்தான் ஆகிறது. மருந்தெடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். குப்பிகள் பின்சுவரோடு ஐஸில் ஒட்டிக் கிடந்தன. ஒன்றைப் பிய்த்தெடுத்தாள். உள்ளே மருந்து கல்லாக இருந்தது. இந்த மருந்து ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான். உருக்கிப் போட்டாலும் குத்திய வலிதான் மிச்சம்.

“யாரு இவ்வளவு குளிர் வச்சது?”

“நான்தான்” என்றார் ஸ்டோர்கீப்பர் பெருமையாக. “வெயில் காலமாச்சே. கூலிங் ஜாஸ்தியா இருந்தா இன்னும் நாள் தாங்கும்ல?”

“இது மருந்தா, ஐஸ்கிரீமா?”

கதவில் தொங்கிய வெப்பநிலை அட்டையைப் பார்த்தாள். காலை நாலு டிகிரி, மாலை நாலு டிகிரி. நாளைக்கும் நாலு. மாதக் கடைசி வரைக்கும் நாலு! மனுஷன் முதல் தேதியே உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்திருந்தார். பழைய கோப்பை இழுத்து, மூத்தவளுக்கு ஊசி போட்ட மாதத்தைத் தேடினாள். பிப்ரவரி. இருபத்தெட்டோடு பேனா நிற்கவில்லை. இருபத்தொன்பது, நாலு. முப்பது, நாலு.

உலகத்திலேயே இல்லாத நாளில் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்த புண்ணியவான்! இருக்கிற நாளில் ஒரு நாளாவது பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நர்ஸ் உறைந்த குப்பியையும் இரண்டு அட்டைகளையும் எடுத்துப்போய் டாக்டர் மேஜையில் வைத்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதைக் கொட்டிடுங்க. வேற மருந்து வரவழைச்சு சின்னவளுக்குப் போட்டு அனுப்புங்க. பழசைக் கிளறாதீங்க. அப்புறம் அத்தனை பேருக்கும் யாரு பதில் சொல்றது?”

“போட்டவங்கதான் சொல்லணும், டாக்டர்.”

“அப்பவும் உறைஞ்சிருந்துச்சுன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?”

“உறையலைன்னு உங்களால முடியுமா? அந்தப் பொண்ணு உடம்பு மேல மட்டும் எப்படிப் பழியைப் போட்டீங்க?”

டாக்டர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

நர்ஸ் வெளியே வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். “உங்க பொண்ணுக்குப் போட்டது நல்ல மருந்தா, கெட்ட மருந்தான்னு இங்க ஒருத்தரும் பாக்கலம்மா. பாத்த மாதிரி எழுதி வச்சிருக்காங்க. தப்பு உங்க பால்லயும் இல்ல, அவ உடம்புலயும் இல்ல.”

அம்மா கத்துவாள் என்று நினைத்தாள். கத்தவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்தவளை எழுப்பி, நர்ஸுக்கு நேராக நிறுத்தினாள்.

“இதை இவகிட்ட சொல்லுங்க.”

நர்ஸ் வாயைத் திறந்தாள். சிறுமி அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.