ஏறிக்கொண்டே போன ட்ரெபிள்

என் தம்பியிடம் எதையும் மூன்று முறை சொல்ல வேண்டும். நான்காவது முறை நான் கத்துவேன். "உன்கிட்ட பேசுறது செவிடன் காதுல சங்கு ஊதின கதைதான்" என்பேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

எங்கள் குழுவில் நான் ட்ரம்ஸ், என் வீட்டுக்காரர் கீபோர்டு, தம்பி பாஸ் கிட்டார். மூன்று பேருக்கும் பகலில் வேறு பிழைப்பு. சனி, ஞாயிறு மாலைகளில் ஓர் ஓட்டலின் மாடி உணவகத்தில், சாப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவில்லாமல் வாசிப்போம். அதில்தான் இப்போது சிக்கல். மேனேஜர் போன வாரம் என் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அந்த பாஸ் கிட்டார் தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு சார். சாப்பிடுறவங்க திரும்பிப் பாக்குறாங்க. வர்ற சனிக்கிழமை நானே உக்காந்து கேக்குறேன். சரியில்லன்னா அவர் இல்லாம வாசிங்க."

என் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் அசரமாட்டார். "பாஸை நான் கீபோர்டுலயே இடது கையில வாசிச்சுடுறேன்" என்றார்.

"உங்க இடது கை சட்டைப் பொத்தான் போடவே திணறும்" என்றேன். வாய்தான் கேலி பேசியது, உள்ளுக்குள் பயம். தம்பிக்கு வேலை இருக்கிறது, பெண்டாட்டி இருக்கிறாள், குறையொன்றும் இல்லை. ஆனால் வாரம் முழுக்க உம்மென்று இருக்கிறவன் முகம் மலர்வது அந்த மாடியில்தான்.

அதனால் சனிக்கிழமை மதியமே அவனை இழுத்துக்கொண்டு போனேன். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்துத் தரையைத் துடைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஏதோ வயரை மறந்துவிட்டுக் கீழே காருக்குப் போனார்.

தம்பி கிட்டாரின் ஒலிபெருக்கியான ஆம்ப்பைப் போட்டு, முதலில் உள்ளே வரும் ஒலியின் அளவை, அதாவது கெயினை, வைத்தான். கம்பியைத் தன்னால் முடிந்த அளவு அழுத்தி இழுப்பான். சிவப்பு விளக்கு மினுக்கினால் குமிழைக் கொஞ்சம் பின்னால் திருப்புவான். இதில் அவனைக் குறை சொல்ல முடியாது. தகராறு அதற்குப் பிறகு. அடி ஒலிக்குப் பாஸ், நடு ஒலிக்கு மிட், கீச்சொலிக்கு ட்ரெபிள் என்ற மூன்று குமிழ்களையும் நான் நடுவில் வைத்து, "நல்லா இருக்கு, தொடாதே" என்பேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், ட்ரெபிள் ஏறிவிடும். ஒரு வருடமாக இதே கதை. முதலில் பாதிக்குச் சற்று மேலே, பிறகு முக்கால், இப்போது கடைசிவரை. ஆம்ப்புக்கு வயதாகிவிட்டது என்பான். கம்பிகளை மாற்றுவான். பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன்.

அன்றும் ஏற்றி வைத்திருந்தான். யாரும் வாசிக்காத அந்த வெறும் கூடத்தில் ஆம்ப் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டிருந்தது.

"முதல்ல அந்த இரைச்சலைக் குறை. பல்லு கூசுது."

"எந்த இரைச்சல்?"

ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே நின்று தோள்வாரை மாட்டிக்கொண்டிருந்தான். வம்புக்குப் பேசுகிறான் என்று எழுந்து போனேன். அவன் முதுகுக்குப் பின்னால் ட்ரெபிளை அடியோடு குறைத்தேன். இரைச்சல் அடங்கியது. முழுக்க ஏற்றினேன். வாணலியில் எண்ணெய் காய்கிற மாதிரி மறுபடி கிளம்பியது. அவன் வாரின் கொக்கியோடு போராடிக்கொண்டிருந்தான். இன்னொரு முறை குறைத்து ஏற்றினேன். அவன் தலை அசையவில்லை.

வழக்கமான பழமொழி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பேன்!

அவன் திரும்பினான். என் கையைப் பார்த்தான், பிறகு முகத்தை.

"இப்ப ஏதாவது சத்தம் கேக்கணுமாக்கா?"

"ஆமாண்டா."

"வீட்டுல போன் அடிச்சா என் பொண்டாட்டிதான் சொல்லுவா. சந்தேகம் இருந்துச்சு. டாக்டர்கிட்ட போனா உண்மையாயிடும்னு போகல" என்றான். வலது காதைத் தொட்டுக் காட்டினான். "இதுதான் ரொம்ப மோசம்."

என் ட்ரம்ஸின் பித்தளைத் தட்டு, அந்தச் சிம்பல் அலறுகிற பக்கத்துக் காது.

"எனக்கு அந்தப் பக்கம் போய் நின்னிருக்கலாமேடா!"

"அங்கேர்ந்து பெரிய ட்ரம் மறைக்கும். உன் கால் தெரியாது."

என் கால் பெரிய ட்ரம்மை அடிக்கும் பெடலை மிதிக்கும்போதுதான் அவன் சுரமும் விழ வேண்டும். இரண்டும் ஒன்றாக விழாவிட்டால் பாட்டு நொண்டும். இத்தனை வருடமாக அவன் குனிந்தே வாசிப்பதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். என் காலைப் பார்த்திருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயோ அக்கா, மாமா வந்தா நான்தான் அடிச்சேன்னு நெனைப்பாரு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆம்ப் முன்னால் உட்கார்ந்தேன். ட்ரெபிளைப் பாதிக்கும் கீழே இறக்கி, மிட்டைச் சற்று ஏற்றினேன். "வாசி."

வாசித்தான். எனக்கு அது நெஞ்சில் இதமாக வந்து உட்கார்ந்தது. அவன் முகம் சுருங்கியது. "சேத்துல கால் வச்ச மாதிரி இருக்குக்கா."

"எனக்கு நல்லா இருக்கு."

"அப்ப உன் காதை நம்பி வாசிக்கணுமா?"

"என் காலை நம்பித்தானே இத்தனை வருஷம் வாசிச்சே?"

சாயங்காலம் மேனேஜர் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டில் தம்பியின் கை ட்ரெபிள் குமிழை நோக்கிப் போனது. மேனேஜர் தட்டைவிட்டு நிமிர்ந்தார். தம்பி விரலை மடக்கிக்கொண்டு, கையைக் கம்பிக்கே கொண்டுபோனான். தலையைக் குனிந்து என் காலைப் பார்த்தான். பிறகு கடைசிப் பாட்டுவரை அந்தப் பக்கம் கை போகவில்லை. நானும் சிம்பலைப் பூப்போலத்தான் தொட்டேன்.

முடிந்ததும் மேனேஜர் வந்தார். "இன்னைக்கு அந்த பாஸ் கிட்டார் இருந்ததே தெரியல சார். இப்படியே வாசிங்க." என் வீட்டுக்காரர், பாஸ்காரனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று தம்பியின் முதுகில் தட்டினார். இடது கையால்தான்.

நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் ஆம்ப்பைப் பிடித்துப் படியிறங்கினோம். பாதி வழியில் அவன் நின்றான்.

"அக்கா, எனக்குக் கம்பளிக்குள்ளேர்ந்து கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. நெஜமா எப்படி இருந்துச்சு? நீ சொல்லு."

அவனை நேரில் நான் ஒரு முறைகூடப் பாராட்டியதில்லை. ஆம்ப்பைப் படியில் இறக்கி வைத்தேன். அவனுடைய இடது பக்கமாகப் போய் நின்று, முதல் பாட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். எந்த இடத்தில் என் காலும் அவன் சுரமும் ஒன்றாகவே விழுந்தன, எந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லுக்கா" என்றான்.

மூன்று முறை சொன்னேன். கத்தவில்லை.