வளைந்த தையல்

கடைசி இருக்கையின் உறையைத் தைத்து முடித்துத் திருப்பியபோதுதான் ஸ்கேலின் கண்ணில் அது பட்டது. நடுத்தையல் ஒரு விரற்கடை விலகி, வளைந்து போயிருந்தது. வேன் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறை அது. கோடு போட்டாற்போலத் தைப்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் ஸ்கேல்தான். சொந்தப் பெயர் வீட்டோடு சரி.

துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். ரெக்சினில் ஊசி போன ஓட்டை மூடாது. பிரித்தால் ஓட்டை வரிசைதான் மிஞ்சும். வேறு ரெக்சினும் கைவசம் இல்லை. வேன்காரரோ வாசலில் வந்து நின்றுவிட்டார்.

தப்பு நடந்தால், பிறர் திட்டுமுன் தன்னைத் தானே தண்டித்துவிட வேண்டும் அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் ஒரு கோடு பிசகிய நாளில் தொடங்கியது. கையைக் காயப்படுத்திக்கொண்டால் மனசு அடங்கும். அதுவும் கொஞ்ச நேரம்தான். அடுத்த தப்புக்கு அது இன்னும் அதிகம் கேட்கும். எந்த வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டையில் இருப்பது அதனால்தான். அந்த நினைப்பு வரும்போது ஒருத்தரிடமாவது வாய்விட்டுச் சொல்லும்படி, இதற்காக அவள் போய்ப் பார்க்கும் டாக்டரம்மா கேட்டிருந்தார். இன்றுவரை சொன்னதில்லை. பின்னறைக் கதவுவரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். பயப்படாதீர்கள், திரும்பி வந்துவிட்டாள்.

“அண்ணி,” குரல் எழும்பவில்லை. “எனக்கு இப்ப என் கையக் காயப்படுத்திக்கணும் போல இருக்கு.”

பட்டறையை நடத்துகிற அண்ணி, வாயில் கவ்வியிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள். அந்த முழுக்கை எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“சொன்னியே, அது போதும்டி. இங்க வா. ஒத்தையா என்னால இழுக்க முடியல, அந்த மூலையப் புடி.”

உறையைப் பஞ்சின்மேல் இழுத்து மாட்ட நாலு கை வேண்டும். இருவரும் மூச்சு வாங்க இழுத்தார்கள். இழுத்துக்கொண்டே டாக்டரம்மாவைப் பற்றியும் ஸ்கேல் சொன்னாள். பிடியை விட்டால்தானே விரல்கள் வேறெங்காவது போகும்? அந்த நினைப்பு மெல்ல மெல்ல அடங்கியது. மாட்டி முடித்ததும் வளைந்த தையலை அவளே வேன்காரரிடம் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தம் தொப்பையைத் தட்டிக்கொண்டார்.

“இந்த மாதிரி ஆளு உக்காந்தா, கோடு யாருக்கும்மா தெரியப்போவுது?”

அண்ணிதான் முதலில் சிரித்தாள். பிறகு ஸ்கேலும்.

இருக்கையை வேனில் பூட்டியதும், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம், ஏறுங்கள் என்றார் அவர். அடுத்தமுறை டாக்டரம்மாவிடம் தானும் வருவதாக ஏறும்போது அண்ணி சொன்னாள். ஸ்கேல் நேரே கடைசி இருக்கைக்குப் போய், வளைந்த தையலின்மேலேயே ராணி மாதிரி உட்கார்ந்தாள். வேன் தெருமுனையில் திரும்பியதும் ஜன்னலைத் திறந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, தழும்புகளோடு அந்தக் கையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அந்தத் தோலில் காற்றுப் பட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.