எண்ணெயில் போட்ட இலை

டாரகன் என்கிற மேல்நாட்டு மூலிகையின் இலையை வாயில் போட்டு மென்றால் முதலில் சோம்பு போல ஒரு இனிப்பு வரும். அடுத்து நாக்கின் நுனி லேசாக மரத்துப்போகும். நல்ல செடிக்கு அதுதான் அடையாளம். மெக்கானிக் வீட்டில் எல்லோரும் ஏமாந்தது அந்த மரத்துப்போதலில்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்யும்போது தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டான். இரத்த அழுத்தம் எங்கேயோ ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், உப்பை நிறுத்தச் சொன்னார். மாத்திரையை ஒழுங்காக விழுங்கினான். உப்பில்லாத சாப்பாடுதான் உள்ளே இறங்கவில்லை.

"இதுக்குப் பதிலா அட்டைப்பெட்டியக் கிழிச்சுப் போடு. அதுலயாச்சும் பசை வாசனை இருக்கும்" என்று தட்டைத் தள்ளிவைப்பான்.

அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை ஷிஃப்ட் வேலை. உப்பில்லாத சூப்பை வார்டு வார்டாக அனுப்புகிறவள், சொந்தப் புருஷனைச் சாப்பிடவைக்க முடியாமல் தவித்தாள். அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா. தெருப்பக்க அறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பியை வளர்த்தது அக்காதான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். தம்பி இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்து அக்காவும் சரியாகச் சாப்பிடுவதை விட்டாள். அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன் அம்மாதான் வழி சொன்னார். சமையலறைக்குப் பின்னால் தொட்டிகளில் அவர் சில மூலிகைகளை வளர்த்துவந்தார். ஒல்லியான நீண்ட இலையோடு நின்ற ஒரு செடியிலிருந்து ஒரு கிள்ளு கிள்ளி அவள் கையில் வைத்தார்.

"மென்னு பாருங்க. இரும்பு இருக்கு, மாங்கனீஸ் இருக்கு, பொட்டாசியம் இருக்கு, எல்லாம் சொல்லுவாங்க. ஆனா நாம என்ன கட்டுக்கட்டாவா திங்கப்போறோம்? ஒரு ஸ்பூன் இலையில எவ்வளவு சத்து வந்துடப்போகுது? இதோட உபகாரமே வேற. உப்பு இல்லாத குறைய நாக்குக்குத் தெரியாம மறைக்கும்."

"எப்பப் போடணும் மேடம்?"

"இறக்கும்போது. கொதிக்கும்போது போட்டா வாசனையெல்லாம் ஆவியாப் போயிடும். அள்ளிப் போட்டுடாதீங்க, அப்புறம் மருந்துக்கடை மாதிரி மணக்கும்."

அந்த வகைச் செடி விதை பிடிக்காது என்பதால் வேரோடு ஒரு துண்டைப் பிரித்துக் கொடுத்தார். அவள் அதை ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் தொட்டியில் நட்டாள். அது பிடித்துக்கொண்டது. வேகவைத்த கோழியில் தூவினாள். முட்டையோடு அடித்தாள். உப்பில்லாத வெண்ணெயில் பிசைந்து, வறுத்த மீன் மேல் ஒரு உருண்டை வைத்தாள், அது உருகி வழிந்தது. மெக்கானிக் தட்டை வழித்தான். வழித்த விரலையும் நக்கினான்.

"என்னடி இது, நாக்கு ஜில்லுனு மரத்துப்போகுது?"

"அது அப்படித்தாங்க. நல்ல இலைன்னு அர்த்தம்."

அவன் சாப்பிடத் தொடங்கியதும் அக்காவும் சாப்பிடத் தொடங்கினாள். வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது.

குளிர் வரப்போகிறது, வந்தால் செடியின் மேல்பாகம் காய்ந்து வேர் மட்டும் மண்ணுக்குள் இருக்கும் என்று டயட்டீஷியன் எச்சரித்திருந்தார். அவள் கொஞ்சம் இலையைப் பறித்து வினிகரில் போட்டுவைத்தாள். மெக்கானிக்குக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லாவற்றிலும் அந்த வினிகரை ஊற்றினான். இரண்டே நாளில் நெஞ்செரிச்சல் பிடித்தது.

அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "புளிப்பு வேணாம்டா தம்பி, வயித்தப் புண்ணாக்கிடும்" என்று சொல்லிவிட்டு, மீதி இலையையெல்லாம் பறித்துக் கழுவினாள். பூண்டை உரித்தாள். சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் இரண்டையும் திணித்து, விளிம்புவரை நல்ல எண்ணெயை ஊற்றி இறுக மூடினாள். அடுப்புக்கு மேலிருந்த பலகையில் வரிசையாக அடுக்கினாள். அடுப்பின் சூடு எப்போதும் படுகிற இடம் அது. மஞ்சள் எண்ணெய்க்குள் பச்சை இலைகள் அசையாமல் நின்றன. வேலை முடிந்து வந்த மனைவி அவற்றைப் பார்த்து, "அழகா இருக்கே அண்ணி" என்றாள். இலையை எதில் போட்டால் என்ன என்றுதான் அவளும் நினைத்தாள்.

முதல் பாட்டிலை உடனே திறந்து சில நாளில் தீர்த்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் ஒரு பாட்டிலைப் பாட்டு டீச்சருக்குக் கொடுத்தாள் அக்கா. பின்தெருவில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர், அக்காவிடம் துணி தைக்கக் கொடுக்கிற வாடிக்கைக்காரர். மிச்சப் பாட்டில்கள் பலகையில் கிடந்தன.

குளிர் இறங்கி, செடி காய்ந்து, வாரங்கள் போன பிறகு அடுத்த பாட்டிலைத் திறந்தார்கள். மெக்கானிக் மத்தியானம் வீட்டுக்கு வந்து அக்காவோடுதான் சாப்பிடுவான். மனைவி ஆஸ்பத்திரியில் சாப்பிட்டுவிடுவாள். வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, அதன் மேல் அந்த எண்ணெயைச் சூடு பண்ணாமல் அப்படியே ஊற்றிச் சாப்பிட்டார்கள். கெட்ட வாசனை எதுவும் இல்லை. அக்கா இரண்டு வாய் சாப்பிட்டாள். அவன் தட்டு நிறையச் சாப்பிட்டான்.

மறுநாள் மாலை அவனுக்கு வாய் வறண்டது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தான். "நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு" என்றான்.

"இலை வேல செய்யுது" என்று அக்கா சிரித்தாள். "எனக்கும்தான் அப்படி இருக்கு."

மனைவியும் சிரித்தாள்.

அதற்கடுத்த நாள் அவன் வேலையிலிருந்து பாதியில் திரும்பி வந்தான். அவள் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் கால் வைக்கப்போய் காற்றில் வைத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"மேல ஏறிட்டேன்" என்றான். குரல் மூக்கு வழியாக வந்தது. "பிடிக்கிற கம்பி ரெண்டு ரெண்டாத் தெரியுது. எதப் பிடிக்கிறதுன்னு புரியல. மெதுவா இறங்கிட்டேன்."

"பிரஷர்தாங்க. காலையில மாத்திர போட்டீங்களா?"

"முழுங்க முடியல."

அவள் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தான். தண்ணீர் தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாகத் திரும்பி வந்து சட்டையில் கொட்டியது. அவன் இருமவும் முடியாமல் அவளைப் பார்த்தான். கண் இமைகள் பாதிக்குமேல் எழவில்லை. ஆனால் பார்வை தெளிவாக இருந்தது. குடித்தவன் பார்வையோ காய்ச்சல்காரன் பார்வையோ இல்லை. தனக்கு என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிந்துகொண்டு பயப்படுகிறவனின் பார்வை. நெற்றியைத் தொட்டாள். உடம்பு சூடாகவே இல்லை.

"அண்ணி, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள்.

பதில் வரவில்லை. தெருப்பக்க அறைக்கு ஓடினாள். அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தாள். நூல் ஊசிக்கு ஒரு விரல் தள்ளி, காற்றில் போய்ப்போய் வந்தது.

"தூக்கமே வரல கண்ணு. ஆனா கண்ணு மட்டும் தானா மூடுது" என்றாள் அக்கா. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

அறைக்கும் கூடத்துக்கும் நடுவே நின்று அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அதே இமை, அதே குழறல். எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. அப்படியானால் இவர்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு, நான் சாப்பிடாதது என்ன? சமையலறைக்குப் போனாள். பலகையில் பாதி காலியான பாட்டில் இருந்தது. பக்கத்தில் திறக்காத இன்னொன்று. எண்ணெய் எப்போதும்போல் தெளிவாக இருந்தது. இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு டாக்ஸியைக் கூப்பிட்டாள்.

அவசர வார்டின் டாக்டர் மெக்கானிக்கின் கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தார். அக்காவின் கண்ணையும் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்ன சாப்பிட்டாங்க?"

அவள் பையைத் திறந்து காட்டினாள். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டுதான் பாட்டிலை எடுத்தார்.

"வெளிய வெச்சிருந்தீங்களா, ஃப்ரிட்ஜிலயா?"

"அடுப்புக்கு மேல."

டாக்டர் பாட்டிலை மெதுவாக மேஜையில் வைத்தார். "பொட்டுலிசம்னு நினைக்கிறேன். மண்ணுல இருக்கிற ஒரு கிருமி. இலையிலயும் பூண்டுலயும் ஒட்டிக்கிட்டு வரும். சும்மா இருக்கும்போது ஒண்ணும் பண்ணாது. எண்ணெய்க்குள்ள காத்தே போகாது பாருங்க, அங்க வளந்து விஷத்த உண்டாக்கும். ருசியில தெரியாது, வாசனையிலயும் தெரியாது. வினிகர்ல போட்டிருந்தா புளிப்புல அது வளந்தே இருக்காது."

"பொழச்சிடுவாரா டாக்டர்?"

"மாத்து மருந்து வேற ஊர்லேருந்து வரணும், சொல்லி அனுப்பிட்டேன். அது விஷத்த மேல பரவாமத் தடுக்கும். ஏற்கெனவே போன பலத்த அது திருப்பித் தராது. மூச்சு விடுற தசை நிக்கிறதுக்கு முன்னாடி அவர மூச்சு மெஷின்ல போடணும்." பாட்டிலைச் சுட்டிக்காட்டி, "இந்த எண்ணெய வேற யாராவது வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

அடுத்த கட்டிலில் படுத்திருந்த அக்கா கையைத் தூக்க முயன்றாள். "பா... பாட்டு..."

அவள் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. புருஷன் தொண்டையில் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் விரல் அவள் சேலையின் ஓரத்தைப் பிடித்திருந்தது, பிடியில் வலுவே இல்லை. அதை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே ஓடி ஒரு டாக்ஸியைப் பிடித்தாள்.

பின்தெருவில் அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் பாடுகிற சத்தம் தெரு முனைவரை கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. மாடிப்படி முழுக்க அமைதியாக இருந்தது. கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். மூன்றாவது தடவை அறைந்தபோது டீச்சர் திறந்தார், தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"குளிச்சிட்டிருந்தேன். இன்னைக்கு வகுப்பு லீவு. என்னாச்சும்மா, இப்படி மூச்சு வாங்குது?"

"அண்ணி குடுத்த எண்ணெய் எங்க?"

"அதுவா? போன வாரமே தொறந்துட்டோம். அவருக்கு ரொம்பப் பிடிச்சுது, ரொட்டிக்குத் தொட்டுக்கிட்டே பாதிய முடிச்சிட்டார்." சாப்பாட்டு மேஜையைக் காட்டினார். டீச்சருடைய கணவர் அங்கே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் அவர் எதிரே இருந்தது.

அவள் போய் அவர் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அவருடைய இமைகளைத்தான் பார்த்தாள். இமைகள் நேராக இருந்தன.

"நாக்கு எப்படி இருக்கு உங்களுக்கு?"

"லேசா மரத்த மாதிரி... இந்த இலை அப்படித்தானேம்மா?"

அவள் பாட்டிலை இறுக மூடி எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் கீழே காத்திருந்த அதே டாக்ஸியில் ஏற்றினாள். வழி முழுக்க டீச்சர் கணவரின் கண்ணைப் பார்த்தார், கணவர் டீச்சரின் கண்ணைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அவர்களைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாட்டிலில் விஷம் இல்லை என்று பரிசோதனையில் பிறகு தெரிந்தது. அதே நாளில், அதே கையால், அதே செடியிலிருந்து போட்டதுதான். ஒன்றில் இருந்தது, ஒன்றில் இல்லை. அவளை அதிகம் பயமுறுத்தியது இந்தச் செய்திதான்.

மெக்கானிக் வாரக்கணக்கில் மெஷினில் கிடந்தான். கை அசையவில்லை, இமை திறக்கவில்லை. உள்ளே நினைவு மட்டும் முழுதாக விழித்திருந்தது. தினமும் ஷிஃப்ட் முடிந்து போய் அவன் இமையை விரலால் தூக்கிப் பிடிப்பாள். விழி அவளைத் தேடிக் கண்டுபிடிக்கும். கை வலிக்கும்வரை பிடித்திருப்பாள்.

அக்காவுக்குக் கொஞ்சம்தான் உள்ளே போயிருந்தது, சீக்கிரம் எழுந்துவிட்டாள். எழுந்ததும் கேட்டாள்.

"எதுனால கண்ணு?"

பொய் சொல்லலாமா என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். தண்ணீர், மீன், எதையாவது சொல்லலாம். ஆனால் அக்கா திரும்பப் போய் அதே பலகையில் வேறு எதையாவது ஊற்றிவைத்தால்?

"எண்ணெய்தான் அண்ணி. நம்ம யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. நானும் பார்த்தேன் இல்லையா?"

அக்கா அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குளிர்காலம் முடிந்து அவன் வீடு திரும்பினான். பாதி உடம்பாக ஆகியிருந்தான். நடக்கக் கம்பு வேண்டியிருந்தது, குரல் இன்னும் மூக்கில்தான் நின்றது. லிஃப்ட் வேலைக்கு இனிமேல் போக முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் தொட்டியை அவள் எப்போதோ குப்பையில் கொட்டியிருந்தாள். அக்கா சமையலறைப் பக்கம் வருவதே இல்லை. தண்ணீர்கூடத் தானாக எடுப்பதில்லை, யாராவது கொடுத்தால் குடிப்பாள். தெரிந்தவர் வீட்டில் வாடகைக்கு அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள்.

அவன் ஒரு காலையில் மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, ஒரு முட்ட போட்டுக் குடு" என்றான்.

"உன் பொண்டாட்டி போடுவா."

"அவ போடுறத தினம் திங்கிறேன். நீ போடு."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த அவளைப் பார்த்தாள். உத்தரவு கேட்கிற பார்வை. அவள் உடனே தலையசைத்திருக்க வேண்டும். அசைக்கவில்லை. கொஞ்ச நேரம்தான், ஆனால் அந்தத் தாமதத்தை மூன்று பேருமே பார்த்தார்கள்.

"போடுங்க அண்ணி" என்றாள் பிறகு, வழிவிட்டு நகர்ந்தாள்.

அக்கா கடையிலிருந்து அன்றே வாங்கி வந்த வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். முட்டை ஓடு வாணலிக்குள் விழுந்தது, எடுத்துப் போட்டாள். தீய்கிற வாசனை வரும்வரை திருப்பித் திருப்பி வேகவைத்தாள். தட்டைக் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி வாயில் போட்டான். புரையேறாமலிருக்க ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டதுபோல் தாடையை நெஞ்சோடு சேர்த்து, மெதுவாக மென்றான். இரண்டு பெண்களும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.