எடை பார்க்கும் நாள்

"ஒரு வாய் தண்ணி குடிச்சா என்ன குடியா முழுகிடும்? உதடெல்லாம் வெடிச்சு—"

"ஒரு டம்ளர் தண்ணி கால் கிலோடா! அதை எனக்குப் பதிலா நீ சுமப்பியா, சொல்லு, நீ—"

"மயங்கி விழுந்தா நான்தானேக்கா தூக்கணும், அதுக்குச் சொல்றேன்."

"தூக்கு. தூக்கிட்டு எத்தனை கிலோன்னும் சொல்லிடு. மெஷினுக்கு வேலை மிச்சம்."

கம்பெனி வேனின் பின் இருக்கையில் அக்காவும் தம்பியும் இப்படி மல்லுக்கு நிற்க, முன்னால் டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். இருவருக்கும் ஒரே விமானக் கம்பெனியில்தான் வேலை. அக்கா பதினேழு வருஷமாக ஹோஸ்டஸ். தம்பி பன்னிரண்டு வருஷமாக ஸ்டீவர்ட். தள்ளுவது ஒரே வண்டி, நடப்பது ஒரே சந்து, பயணிகள் வாந்தியெடுத்த பையை வாங்குவதும் அதே கைகள்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பது மட்டும் ஹோஸ்டஸுக்கு.

அக்காவின் உயரத்துக்கு ஐம்பத்தெட்டு கிலோ இருக்கலாம். போன தடவை அறுபது. அதற்கு முந்தின தடவை ஐம்பத்தொன்பதரை. மூன்றாம் முறையும் தாண்டினால் விமானத்திலிருந்து இறக்கி, கீழே பெட்டி வாங்கும் கவுண்ட்டரில் நிறுத்திவிடுவார்கள்; ஐந்து கிலோவுக்கு மேல் தாண்டினால் முதல் முறையே. அந்த மூன்றாம் முறை இன்றைக்கு. இரண்டு நாளாக வெள்ளரிக்காயைத் தவிர வேறெதுவும் அவள் வாயில் படவில்லை. காலையிலிருந்து அதுவும் இல்லை.

"தரையில பாக்கிறதும் வேலைதானேக்கா?"

"அப்ப நீ போ."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு எப்படிச் சொல்வது? கதவைச் சாத்தி, ஓட ஆரம்பித்து, சக்கரம் தரையை விடுகிற அந்த நொடியில் அடிவயிற்றில் ஒரு கூச்சம் வருமே, பதினேழு வருஷத்தில் ஒருநாள்கூட அது அவளுக்குப் பழகிப்போனதில்லை.

"அம்மா அக்கம்பக்கத்துல எப்படிச் சொல்றா, கவனிச்சிருக்கியா?" என்றாள் அக்கா. "'பொண்ணு ஹோஸ்டஸ், பையன் பிளேன்ல வேலை பாக்கறான்.' நான் என்ன, பிளேன்ல வேடிக்கையா பாக்கறேன்?"

"அம்மாவை விடுக்கா."

"அகராதியை எடுத்துப் பாரு. ஸ்டீவர்டுன்னா பொறுப்பாளன்."

"ஹோஸ்டஸுன்னா?"

"விருந்து குடுக்கிற வீட்டுக்காரி."

"நல்ல பேர்தானே! மரியாதையா இருக்கே."

"எந்த ஊர்லடா வீட்டுக்காரியை வாசல்ல நிறுத்தி எடை போட்டுட்டு உள்ள விடறாங்க?"

டிரைவர் பலமாக இருமினார். சிரிப்பை இருமலாக்கத் தெரிந்த மனிதர்.

அன்றைக்குத் தம்பியையும் ஒன்பது மணிக்கு மருத்துவ அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஏதோ தடுப்பூசி என்று நினைத்திருந்தான். போய்ப் பார்த்தால், எப்போதும் ஏழெட்டுப் பெண்கள் வெறுங்காலோடு, கொண்டை ஊசியைக்கூடக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு வாய்பேசாமல் உட்கார்ந்திருக்கும் தாழ்வாரத்தில், இன்று கூடவே பத்து ஸ்டீவர்டுகளும் கூட்டமாக நின்றார்கள். அவனோடு பதினொருவர். நடுவில் அவர்கள் சங்கத்துத் தலைவர், தொப்பையும் தாமுமாக.

நர்ஸ் பட்டியலைப் பார்த்து முதலில் அவரைத்தான் கூப்பிட்டாள். எதற்கென்று கேட்காமலே மெஷினில் ஏறினார்.

"நூத்தியிரண்டு. உங்க உயரத்துக்கு எழுபத்தெட்டுதான் சார்."

"இந்தா பாரும்மா, நான் ஸ்டீவர்ட்."

"தெரியும் சார். ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க, நூத்தியொண்ணு வரும்."

பெண்கள் பெஞ்சில் ஒருத்தி களுக்கென்றாள். தலைவர், பட்டியலைக் கொண்டுவந்திருந்த ஆபீஸ் குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டார். "என்னய்யா கூத்து இது?"

"ஹோஸ்டஸுக்கு ஒரு லிஸ்ட், ஸ்டீவர்டுக்கு ஒரு லிஸ்ட்டுன்னு ரெண்டு எதுக்குன்னு மேலே கேட்டாங்க சார். 'விமானப் பணியாளர்'னு ஒண்ணா சேர்த்துட்டேன். ஹோஸ்டஸ் படிவம்தான் கையில கிடைச்சுது, அதையே எடுத்துக்கிட்டேன்."

"படிவத்துல எடைக் கட்டத்தை அடிச்சுவிட வேண்டாமா?"

"அடின்னு யாரும் சொல்லலையே சார். மேலே இருக்கிற பெரியவர் கையெழுத்தும் ஆயிடுச்சு."

நர்ஸுக்கு வேலை வேலைதான். ஒவ்வொருவராக ஏற்றினாள். தம்பி எண்பத்தாறு, இருக்க வேண்டியது எழுபத்திரண்டு. வயிற்றை எக்கிக்கொண்டு ஏறியவன், எண்ணைக் கேட்டதும் எக்கியதை விட்டுவிட்டான். பதினொரு பேரில் ஒன்பது பேர் ஐந்து கிலோவுக்கு மேல் தாண்டிவிட்டார்கள், தேறியவர்கள் இரண்டே பேர். அவர்களும் ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரி சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"நாங்க என்ன சந்தைக்கு வந்த மாடா?" தலைவர் கத்தினார். "இத்தனை பேர் முன்னால நிறுத்தி, சத்தமா எண்ணைச் சொல்லி! இதைவிட அவமானம் உண்டா?"

"பழகிடும் சார்," என்றாள் அக்கா.

தலைவர் நேரே மேனேஜர் அறையைப் பார்த்து நடந்தார்.

ஹோஸ்டஸ்களில் மூத்தவள் அக்கா. அடுத்து அவள் பெயர்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தாள். ஏறி நின்றாள். நர்ஸ் குனிந்தாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மத்தியானம் ரெண்டு பிளேன் கிளம்பணும். ஒன்பது பேரைக் கீழே இறக்கிட்டு நானா போய் டீ ஊத்துவேன்? எடை பாக்கிறது இன்னையோட ரத்து!"

அக்கா இறங்கவில்லை. "எல்லாருக்குமா சார்?"

மேனேஜர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "ஒரே லிஸ்ட் சார். பிரிக்கணும்னா முதல்லேர்ந்து ரெண்டா டைப் அடிக்கணும். மறுபடி பெரியவர்கிட்ட போகணும்."

"பிரிக்கவெல்லாம் வேண்டாம். எல்லாருக்கும்தான்."

"போன ரெண்டு தடவை எழுதினது?"

"அதுவும் சேர்த்துதாம்மா! இறங்கு."

"எழுதிக் குடுங்க சார்."

அவள் மெஷினை விட்டு நகராததைப் பார்த்து, அந்தப் பட்டியலின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை இரண்டு தடவை படித்தாள். எழுத்து தண்ணீரில் மிதப்பதுபோல் தெரிந்தது.

"முள்ளு நின்னுடுச்சு," என்றாள் நர்ஸ் மெதுவாக. "எவ்வளவுன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம் தாயே. நீயே வச்சுக்க."

கேண்டீனில் வெண்ணெய் தடவிய பன் மூன்று, அவித்த முட்டை இரண்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. கண்ணை மூடிக்கொண்டு அக்கா சாப்பிட்டாள். நெஞ்சுக்குள் இறங்கும் ஒவ்வொரு கவளத்தோடும் ஒரு வருஷத்துப் பாரம் இறங்கியது. மூன்றரை மணிக்கு விமானம். அதில் அவள் இருப்பாள்.

எதிரே தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு டம்ளர் பால் இல்லாத டீ மட்டும். சட்டையை முன்பக்கம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். பக்கத்து மேஜையில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தான்.

"அக்கா, உண்மையைச் சொல்லு, நான் அவ்வளவு குண்டாவா இருக்கேன்?"