கோட்டைத் தாண்டி நான்கு அடி

கால்பந்து கிளப்பில் டெக்னிக்கல் டைரக்டர் என்றால் என்ன வேலை என்று என் மனைவி வீட்டார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாடியில் உட்காரும் வேலை. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, எந்த வயதில் எதைக் கற்பிப்பது என்று முடிவுசெய்யும் வேலை. ஆனால் கற்பிப்பது என் வேலை இல்லை. அதற்குக் கீழே பயிற்சியாளர் இருக்கிறாள். அவள் என் தங்கை.

நான் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"அண்ணா, மேல நீ, கீழ நான். புல்லுல கால வச்சே, அப்புறம் நான் தங்கச்சியா இருக்க மாட்டேன்."

தலையாட்டினேன். முழங்கால் போன ஆட்டக்காரனுக்கு மாடிப்படி ஏறுவதே பெரிய பாடு, புல்லுக்கு எங்கே போவது.

என் அறைச் சுவரில் ஓர் இரும்புப் பலகை உண்டு. ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் பெயர் ஒட்டிய வட்டக் காந்தம். பச்சைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு அடுத்த ஆண்டும் இடம் உண்டு, கீழே இருப்பவர்களுக்கு இல்லை. சீசன் முடிவில் டைப்பிஸ்ட் அம்மா பலகையைப் பார்த்துத்தான், கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும் கடிதம் அடிப்பார். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க மாட்டார். பலகைதான் பேச வேண்டும் என்று பெரிய மேதாவி போல உத்தரவு போட்டவன் நான்.

எனக்குத் தூக்கம் குறைவு. விடியும்போதே ஆபீசில் இருப்பேன். அந்த நேரத்தில் ஜன்னலில் மைதானம் தெரியாது, பனிதான் தெரியும். ஒரு நாள் அந்த வெண்மைக்குள்ளிருந்து பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி, மறுபடி சத்தம். ஆள் தெரியவில்லை. யாரோ என் தூக்கத்தை எடுத்துக்கொண்டுபோய் அங்கே உதைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் கோல்கீப்பர். பகலில் மருந்துக்கடையில் வேலை, அதனால் விடியலில் தனியாக வந்து பழகுகிறாள். கோல் கோட்டை விட்டு நகரவே மாட்டாள் என்பதால் எல்லோரும் அவளைத் தூண் என்றுதான் கூப்பிடுவோம்.

"நாலு அடி வெளிய வாம்மா. பந்து உன்னைத் தேடி வர வேண்டாம், நீ போய் எடு," என்றேன். அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் என் வாய் என்றைக்கு ஒரு வாக்கியத்தோடு நின்றிருக்கிறது?

மறுநாள் அவளுடைய காந்தத்தையே கையோடு எடுத்துப் போனேன். கோல் கம்பத்தில் ஒட்டி, "இது நீ," என்று காட்டி, விரலால் பந்து வரும் வழியை வரைந்தேன். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு பனிக்குள் போய் நின்றாள். நான் தூக்கிப்போட்ட பந்து மேலே போய் மறைந்தது. எங்கோ அவள் காலடி நான்கு முறை கேட்டது. பிறகு கையுறையில் பந்து அடங்கும் சத்தம். எனக்கு முழங்கால் இருப்பதே மறந்துபோனது. அந்த ஒன்றரை மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. மாடியில் என்ன நடந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. காந்தத்தை முதல் வாரம் திரும்பக் கொண்டுபோய் ஒட்டினேன். பிறகு அது ஸ்வெட்டர் பையிலேயே குடியேறிவிட்டது.

குட்டு ஓர் ஆட்டத்தில் வெளிப்பட்டது. பந்து மேலே எழும்பி வந்தது. தூண் நான்கு அடி வைத்தாள். ஓரத்திலிருந்து என் தங்கை, "நில்லு!" என்று கத்தினாள். தூண் பாதியில் நின்றாள். பந்து தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் தங்கை மாடிக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினாள்.

"அவ காதுல ரெண்டு குரல் கேக்குது அண்ணா. பாதியில நின்னாளே, அது யாரோட இடம்? உன்னோடதா, என்னோடதா?"

"நான் சொன்னதுதான சரி. வெளிய வந்திருக்கணும்."

"இருக்கட்டும். என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நாளைக்கு அவள வச்சுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியவன் நீ. கீழ நின்னு பந்து பொறுக்கிப் போட்டுட்டிருந்தா மேல யாரு பாக்கறது?"

மூக்கு நுனியில் கோபம் வந்தது. "சீசன் முடியட்டும், நிறுத்திடறேன்," என்றேன். அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

சீசன் முடிவில் யாரை வைப்பது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். தூணைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவள் இருப்பாள் என்பதில் எங்களுக்கு அவ்வளவு உறுதி. டைப்பிஸ்ட் அம்மா கடிதக் கட்டை நீட்டிய காலையில் பனி நன்றாக இறங்கியிருந்தது. நிறுத்துகிறேன் என்று சொன்னதை மறந்து, கீழே போகும் அவசரத்தில் பெயரைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு விடியலில் பந்துச் சத்தம் கேட்கவில்லை. இறங்கிப் போனேன். தூண் கம்பத்தருகே நின்றிருந்தாள், கையுறைகளைக் கழுவிக் காயவைத்து மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"கிளப்போட க்ளவுஸ் சார். நேத்து வேற கிளப்ல கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எதுக்கும்மா?"

"எனக்கு லெட்டர் வரலையே சார். கடைசித் தேதி வரைக்கும் பாத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?"

"என் ஆட்டத்த உங்களவிட யாரு சார் கிட்ட இருந்து பாத்திருக்கா? நீங்களே வேண்டாம்னு முடிவு பண்ணினா, அதுல கேக்க என்ன இருக்கு." கையுறைகளை என்னிடம் நீட்டினாள். "வேண்டாம்னு ஆன பிறகும் தினமும் வந்து சொல்லிக்குடுத்தீங்க. அத மறக்க மாட்டேன்."

அவற்றை வாங்கிப் பையில் வைக்கப் போனபோதுதான் காந்தம் விரலில் தட்டுப்பட்டது. எடுத்துக் காட்டினேன். பலகை, பச்சைக் கோடு, கடிதக் கட்டு, எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவள் காந்தத்தை வாங்கித் தன் பெயரைப் படித்தாள். நெடுநேரம் படித்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சே சார்," என்றாள். காந்தத்தைக் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் பனிக்குள் நடந்தாள். நான்கு அடிக்கு மேல் அவள் தெரியவில்லை.

மாடியில் தங்கை காத்திருந்தாள். தூணுக்குக் கடிதம் அடிக்கவில்லை என்று டைப்பிஸ்ட் அம்மா சொல்லியிருக்க வேண்டும். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பையில வேற யாராவது இருக்காங்களா அண்ணா?"

ஸ்வெட்டரின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினேன்.